நூலிழையினும் நுண்ணியதை அளந்த குடும்பம்

பேரிகை வட்டாரத்தில் ராகி விளைந்த மேட்டு நிலங்களில் இன்று ரோஜாக் குடில்கள் எழும்பியிருக்கின்றன. இளைஞர்களோ ஓசூர் ஆலைகளை நாடிச் செல்கின்றனர். 1980-களில் அசோக் லேலண்டும் டைட்டனும் ஓசூரில் கால்கொண்டது முதல், ஐ.டி.ஐ. பயின்ற பிள்ளைகளின் பேச்சில் சில அயல்நாட்டுப் பெயர்கள் இயல்பாகவே வந்து விழுகின்றன. அவற்றுள் ஒன்று மிட்டுடோயோ. அளவைக் கருவிகள் செய்து விற்கும் ஜப்பானிய நிறுவனம் அது. சமயத்தைப் பரப்பப் பொருள் வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பெற்ற தொழில் அது என்பதைப் பட்டறைக்காரர் பலர் அறியார்.

அதனை நிறுவியவர் யெஹான் நூமாதா. 1897-ஆம் ஆண்டு ஹிரோஷிமா மாநிலத்தில் பௌத்த ஆலயக் குருவின் மகனாகப் பிறந்தவர். (அவர்களது தூய நாட்டு மரபில் குருக்கள் இல்லறத்தார், ஆலயப் பொறுப்பும் தலைமுறை தலைமுறையாக வருவது.) பத்தொன்பது வயதில் அமெரிக்கா சென்றார். அங்கே காசநோய் அவரைப் பற்றியது. நோயினின்று மீண்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அக்காலத்தில் ஜப்பானியர்மீது அமெரிக்கர் பலருக்கு வெறுப்பு மிகுந்திருந்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் குடியேறுவதையே தடுத்துவிட்டது. மக்கள் ஒருவரையொருவர் அறிந்தால் பகை குறையும் என நம்பிய நூமாதா, 1925-இல் 'பசிபிக் உலகம்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பணமின்றி அது நின்றுபோயிற்று. சிற்றிதழ் நடத்துவோர் படும் பாட்டை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

பிறர் கையை எதிர்பார்த்துச் சமயப் பணி செய்ய இயலாது என்று அவர் கண்டார். தாயகம் திரும்பி அரசாங்கத்தில் புள்ளிவிவர அலுவலராயிருந்தபின், 1934-இல் தோக்கியோவில் மைக்ரோமீட்டர் செய்யும் முயற்சியில் இறங்கினார். கருவி புதியதன்று, பிரான்சு நாட்டுப் பால்மர் 1848-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். தத்துவமும் எளிதே. திருகு ஒருமுறை சுழன்றால் அரை மில்லிமீட்டர் நகரும். சுழலும் உருளையில் ஐம்பது கோடுகள். ஆகவே ஒரு கோடு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பே அதைப்போல் பல மடங்கு. ஆனால் நெடுக ஒரே சீராய்த் திருகின் மரையைக் கடைந்தெடுப்பதே பெரும்பாடு. அந்த ஒரே பொருளில் தொடங்கிய தொழில், போருக்குப் பின் வெர்னியர், டயல் கேஜ், முப்பரிமாண அளவைப் பொறி என விரிந்து உலகெங்கும் சென்றது.

1965-இல் நூமாதா தம் செல்வத்தைக் கொண்டு பௌத்த நெறி பரப்பும் கழகமொன்றை அமைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்ததும் அதே ஆண்டில்தான். புத்தரின் போதனைகளைத் தொகுத்த நூலொன்றை நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்த்து, விடுதி அறைகளில் வைக்கச் செய்தது அக்கழகம். கிதியோன் சங்கத்தார் 1908 முதல் விடுதிகளில் விவிலியம் வைத்துவரும் வழக்கத்தையே இது நினைவூட்டுகிறது. 1982-இல் சீன மொழியிலுள்ள பௌத்தத் திருநூல் தொகுதியை ஆங்கிலமாக்கும் பணியையும் அவர் தொடங்கிவைத்தார். முடிவைத் தாம் காணமாட்டோம் என்று அறிந்தே அந்த முதியவர் தொடங்கினார். 1994-இல், தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். கழகத்தின் தலைமை மகன் தோஷிஹிதேயிடம் வந்தது.

இவ்வளவில் நிறுத்தினால் புண்ணியக் கதையாக முடிந்துவிடும். ஆனால் நடந்தது வேறு. முப்பரிமாண அளவைப் பொறிகள் அணு ஆயுதத் தொழிலுக்கும் பயன்படக்கூடியவை. எனவே குறிப்பிட்ட எல்லையை மிஞ்சிய துல்லியமுடையவற்றை அரசின் அனுமதியின்றி ஏற்றுமதி செய்யலாகாது. 2001-இல் இத்தகைய பொறிகள் அனுமதியின்றி மலேசியாவுக்கு அனுப்பப்பட்டன. லிபியா தன் அணு ஆயுத முயற்சியைக் கைவிட்டபின், பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அவற்றுள் ஒன்றை அந்நாட்டில் கண்டனர். 2006-இல் நிறுவனத் தலைவர் உட்பட ஐவர் கைதாயினர். அடுத்த ஆண்டு நீதிமன்றம் தண்டனையும் அபராதமும் விதித்தது. தடையைத் தாண்டுவதற்காகப் பொறியின் துல்லியத்தைக் குறைத்துக் காட்டினர் என்பதே குற்றத்தின் சாரம்.

ஹிரோஷிமா மண்ணில் பிறந்தவர் நிறுவிய தொழில் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கள்ளத் தராசைக் கண்டிக்கும் நீதிமொழிகள் நூல், பொருளின் எடையைக் கூட்டிக் காட்டும் வணிகனையே மனத்தில் கொண்டது போலும்; இங்கோ தம் சரக்கையே தாழ்த்திக் காட்டினர்! ஆதாயம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்னும் எண்ணமே சில வேளைகளில் மனச்சான்றை உறங்கவைத்து விடுகிறதோ என்று ஐயுறுகிறேன். கோவில் கட்டடத்திற்கென நன்கொடை ஏற்கும் எனக்கும் இந்த ஐயம் பொருந்தும்.

தோஷிஹிதே 2017-இல் மறைந்தார். 1982-இல் தொடங்கிய மொழிபெயர்ப்பு நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருக்கின்றன.