உங்களுக்குத் தெரியுமா? மழையில்லாத இரவிலும் கூரை சொட்டுவது ஏன்?

★ ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்), மழையே இல்லாத பனிக்கால விடியலிலும் தகரக் கூரை சொட்டுவதுண்டு. அதற்கு ஓட்டை தேடிப் பயனில்லை. அது வீட்டுக்குள்ளிருந்தே மேலே போன ஈரம்.

★ 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். அறையின் சூடான காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டதும், தாங்காத மிச்சம் துளியாகிவிடுகிறது.

★ மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் மார்கழி இரவில் சொட்டு அதிகமாவது இதனால்தான்.

★ 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் எரிந்து தீர்வதற்குள் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தாலும் அரை லிட்டர் வரும். உலை கொதிக்கும் ஆவி, நம் மூச்சு, கொடியில் உலரும் துணி எல்லாம் இதற்கு மேல்.

★ ஈரக் காற்று வெளியேறும் வழி கூரை முகட்டில் இருக்க வேண்டும். புதுக்காற்று நுழையும் வழி கீழே இறவாரத்தில். இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும். பிரிட்டனில் சரிவுக் கூரைகளுக்கு இறவாரம் நெடுக 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஒரு விரற்கடை அளவுகூட இல்லை!

★ பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த ஓடுகளின் பொருத்துகளில் உள்ள மெல்லிய இடைவெளிகள் வழியாகவே ஈரம் வெளியேறிவிடும். ஓட்டைக் கழற்றித் தகரம் போடும்போது இந்த வழி அடைபடுகிறது. அதற்கு ஈடாக முகட்டில், மழைச் சாரல் புகாத மூடியோடு, திறப்பு வைப்பது அவசியம்.

★ கேரளத்துப் பழைய வீடுகளில் கூரையின் முக்கோண முகப்பில் உள்ள மரச்சட்ட இடுக்குகள் அழகுக்கு மட்டுமல்ல, காற்றுக்கும்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம்.

★ மூடுபனிக் காற்றும் வீட்டை உலர்த்தும்! 15 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று உள்ளே வந்து 25 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் 55 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். எனவே அடுப்பு எரியும் நேரத்தில் மேல் திறப்பை மூடக் கூடாது.

★ குளிருக்குப் பயந்து இடுக்குகளில் சாக்கை அடைத்தால் ஈரமும் உள்ளேயே தங்கும்; சுவரில் பூஞ்சணம் படரும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, மூச்சுக் கோளாறுகள் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி எச்சரிக்கிறது.

★ பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். அதை வாட்ட, தேயிலைத் தொழிற்சாலைகளில் கணக்குப் பார்த்துக் காற்றை ஓடவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. கொழுந்துக்குக் கிடைக்கும் காற்று, அதைப் பறிப்பவர் தூங்கும் அறைக்கும் கிடைக்க வேண்டும். லயங்களுக்குக் கூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் முகட்டுத் திறப்பையும் கேட்டு வாங்குங்கள்.