அடிக்கும் முன் சத்தம் போடக் கற்கட்டும்: குழந்தைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி

"பிள்ளையை கராத்தே கிளாஸில் சேர்த்தாச்சு, இனி பயமில்லை" என்று நினைக்கும் பெற்றோரா நீங்கள்? சேர்த்தது நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றை யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் பத்து வயதுக் குழந்தையால் வளர்ந்த ஒரு ஆளை அடித்து வீழ்த்திவிட முடியாது. அப்படியென்றால் தற்காப்புப் பயிற்சியால் என்ன பயன்?

உடம்புக்கும் மனசுக்கும்

சிலம்பம் பழகும் பிள்ளைக்குக் காலடியும் சமநிலையும் கைகூடும். எதிரே வரும் கம்பைக் கவனித்து நொடியில் முடிவெடுக்கும் பழக்கமும் வரும். ஜூடோவில் முதலில் கற்றுத் தருவதே அடிபடாமல் கீழே விழுவது எப்படி என்பதைத்தான். கராத்தேயில் குத்து விடும்போது அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பச் சொல்வார்கள். வகுப்பில் வாயே திறக்காத கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்தச் சத்தமே பெரிய பயிற்சி.

"கத்துக்கிட்டு வந்து எல்லாரையும் அடிப்பானோ?" என்ற பயம் வேண்டாம். ஜோடியாகப் பயிற்சி செய்யும்போது, எதிரில் இருப்பவருக்கு வலிக்காமல் கையை நிறுத்தவும் சேர்த்தே கற்றுத் தருவதுதான் நல்ல வகுப்பு.

ஆபத்து வந்தால்

* சத்தம்: வெறுமனே அழுதால் அடம்பிடிக்கிற பிள்ளை என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். "இவர் யாருன்னே தெரியாது, காப்பாத்துங்க!" என்று கத்தச் சொல்லிக் கொடுங்க.
* விடுபடுதல்: கையைப் பிடித்தால், பிடித்தவரின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகக் கையை முறுக்கி இழுக்க வேண்டும்.
* ஓட்டம்: விடுபட்டதும் திரும்பி நின்று சண்டை போட வேண்டாம். ஆட்கள் இருக்கும் கடைப்பக்கம் ஓட வேண்டும்.
* சொல்லுதல்: நடந்ததை நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

தெரிந்தவரே தொல்லை கொடுத்தால்?

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. பழகிய ஒருவரை எட்டி உதைக்கக் குழந்தைக்கு மனசு வராது. பயத்தில் உடம்பு உறைந்து நின்றுவிடுவதும் இயல்பு.

அதனால் "வேண்டாம்" என்று சொல்வதற்கான பயிற்சி வீட்டில்தான் தொடங்க வேண்டும். "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று வற்புறுத்தாதீங்க. குழந்தை ஒன்றைச் சொல்ல வந்தால், "கராத்தே கத்துக்கிட்டியே, ஏன் அடிக்கல?" என்று மட்டும் கேட்டுவிடாதீங்க. அந்த ஒரு கேள்வி போதும், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது. "சொன்னது நல்லதுடா, உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்க.

சட்டம் உங்கள் பக்கம்

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் இருவருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் தெரிவிப்பது கட்டாயம். "ஸ்டேஷன் ஏறணுமே" என்று தயங்க வேண்டாம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

எங்கே கற்கலாம்?

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் 3 மாதத் தற்காப்புப் பயிற்சிக்கு வழி உள்ளது. உங்கள் பள்ளியில் எப்போது என்று தலைமை ஆசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ கேளுங்க. மற்ற பயிற்சிகளுக்கு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். தமிழக அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டுப் பட்டியலில் சிலம்பமும் இடம்பெற்றுள்ளது.

தனியார் வகுப்பு என்றால், பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்க. இல்லை என்றால் வேறு இடம் பாருங்க.

பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டிய எண்கள்

* 1098 – குழந்தைகள் உதவி எண்
* 14417 – பள்ளிக் கல்வி உதவி மையம்
* 181 – பெண்கள் உதவி எண்
* 112 – அவசர உதவி

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்குங்க. கையைப் பிடித்து விடுபடச் சொல்லுங்க, சத்தமாகக் கத்தச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் அவர் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்க!