சத்தம் போடாத கைதியின் நோய்

நீண்ட தண்டனைக் கைதிகளிடம் காணப்படும் மனநோய்களில் ஒரு பகுதி அவர்களோடு கூடவே சிறை வாயிலைக் கடந்து வந்தது. மறு பகுதி உள்ளே கழியும் ஆண்டுகளில் மெல்ல ஊறி வளர்வது. இரண்டையும் பிரிக்காமல், கைதிகள் எல்லோருக்குமான ஓரளவு நம்பகமான கணக்கு இருக்கிறது. 24 நாடுகளில் 33,000க்கும் மேற்பட்ட கைதிகளிடம் நடந்த ஆய்வுகள் 2012இல் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இருந்தன. கடும் மனச்சோர்வு ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேரிடமும் பெண்களில் பதினான்கு பேரிடமும் இருந்தது. சிறைக்கு வெளியே காணப்படும் அளவைவிட இவை மிக அதிகம். மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவத்தின் இறுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையில். ஆயுள் தண்டனையோடு உள்ளே வரும் இளைஞர்கள் பலரின் வயதும் அதுதான். வீட்டில் இருந்திருந்தால் தாயோ தம்பியோ கவனித்திருக்கக்கூடிய முதல் அறிகுறிகள், அவர்களுக்குப் பூட்டிய அறைக்குள் தோன்றுகின்றன.

சிறை ஒழுங்கைக் காக்கும் இடம். அதன் கண்ணில் முதலில் படுவது சத்தம். கத்துகிறவரும் சுவரில் தலையை மோதிக்கொள்கிறவரும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுவார்கள். மூன்று நாளாகச் சோற்றைத் தொடாதவர், குளிப்பதை விட்டுவிட்டவர், மனு போட்டுப் பார்க்க வந்த தாயைச் சந்திக்க வரமாட்டேன் என்கிறவர் ஆகியோரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. 'நல்ல கைதி' என்றே அவர்களைப் பற்றிச் சொல்லப்படும். சிறை மனநல மருத்துவத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். பிளாக்கில் தினமும் நிற்கும் காவலருக்கு இந்த மௌனமான அறிகுறிகளைச் சொல்லிக்கொடுப்பது, எந்த மாத்திரைக்கும் முன்னால் செய்யவேண்டிய சிகிச்சை.

நீண்ட தண்டனை எல்லோரையும் படிப்படியாகச் சிதைத்துவிடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. ஆய்வுகள் காட்டுவது வேறு. கனடாவில் உளவியலாளர் எட்வர்ட் ஜாம்பிள் நீண்ட தண்டனைக் கைதிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, துயரம் உச்சத்தில் இருந்தது தொடக்க காலத்தில். போகப்போக அவர்கள் ஓரளவு தேறினார்கள். முதல் ஆண்டுகளில் அவமானம், வெளியுலகத்தின் இழப்பு, செய்த குற்றத்தின் பாரம் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. மனைவியையோ உடன்பிறந்தவரையோ கொன்றவர், இறந்தவருக்காகத் துக்கம் அனுசரிக்கவும் முடியாத நிலையில் இருப்பார். தற்கொலை ஆபத்து மிகுந்த காலம் இது.

தேறியவர்கள் அதற்கு ஒரு விலை கொடுக்கிறார்கள். எதிலும் பற்று வைக்காமல், யாரையும் நம்பாமல், நாளை என்பதைப் பற்றி நினைக்காமல் வாழப் பழகுவதுதான் அந்தத் தேறுதல். கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவர் ஏட்ரியன் கிரவுண்ட்ஸ், தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் விடுதலையான 18 ஆண்களைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அவர்களில் 14 பேரிடம் ஆளுமையே நிலையாக மாறிப்போயிருந்தது. குடும்பத்தோடு ஒட்ட முடியவில்லை. சொந்த வீட்டிலேயே அந்நியராக உணர்ந்தார்கள். உள்ளே உயிரைக் காத்த கவசத்தை வெளியே வந்ததும் கழற்ற முடியவில்லை.

முடிவு தெரியாத தண்டனை இன்னும் கொடியது. இங்கிலாந்தில் 2005 முதல் நடைமுறையில் இருந்த காலவரையறையற்ற தண்டனை, 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே அதைப் பெற்றவர்களுக்கு அது நீங்கவில்லை. அவர்களிடையே தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலையும் கவலைக்குரிய அளவில் தொடர்கின்றன. இந்தியாவில் ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று ஊரில் பேசிக்கொள்வது சட்டப்படி சரியல்ல. அது வாழ்நாள் முழுவதற்குமான தண்டனை. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில், தண்டனைக் குறைப்பைப் பெறுவதற்கான குறைந்தபட்ச எல்லையே 14 ஆண்டு. பக்கத்து அறைக்காரர் விடுதலையாகித் தன் பெயர் விடுதலைப் பட்டியலில் வராமல் போகும் ஒவ்வொரு முறையும் கைதிக்கு மனச்சோர்வு திரும்ப வரக்கூடும். அந்த வாரங்களில் அவரிடம் யாராவது பேசியாகவேண்டும்.

மருந்துச் சிகிச்சையில் சிறைக்கே உரிய சிக்கல்கள் உண்டு. இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வெயில் காலத்தில் வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால், அதே அளவு மாத்திரையே ரத்தத்தில் நச்சாகிவிடும். மனச்சிதைவுக்கான மருந்துகள் பல, உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. மே மாதத்தில் நெரிசலான அறையில் மாலையிலேயே பூட்டப்படுகிறவருக்குக் குடிநீரும் காற்றும் மருந்துச் சீட்டின் பகுதியாகவே கருதப்படவேண்டும். மருந்தின் பக்கவிளைவாகக் கைநடுக்கமும் விறைப்பும் வரும்போது, அது வேலைக்குச் சோம்புவதாக எடுத்துக்கொள்ளப்படுவதும் உண்டு. மாத்திரையை விழுங்காமல் சேர்த்துவைப்பதைத் தடுக்க, எதிரில் நின்று விழுங்கச் செய்கிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை போடும், நீண்ட நாள் செயல்படும் ஊசி பலருக்கு இதைவிட நல்ல வழி.

தற்கொலை எண்ணம் உள்ளவரைப் பாதுகாப்புக்காகத் தனி அறையில் அடைப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். பேச்சுத்துணையைப் பறிப்பது ஆபத்தைக் கூட்டும். ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பின்றித் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் அடைப்பதை ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு மண்டேலா விதிகள் தடைசெய்கின்றன. நேர்மாறான வழியை வேல்ஸிலுள்ள ஸ்வான்சீ சிறை 1991இல் தொடங்கியது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் அங்குள்ள கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சக கைதிகளின் துயரத்தைக் கேட்க வைத்தது. கேட்டது வெளியே போகாது என்பது அதன் உயிர். இரவு இரண்டு மணிக்கு மருத்துவர் இருக்கமாட்டார். பல ஆண்டு உள்ளே இருந்த ஒருவர் இருப்பார். பிறகு பிரிட்டனின் பல சிறைகளுக்கு இது பரவியது.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்கச் சொல்கிறது. அதே சட்டம், சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சான்று அனுப்பவும் சொல்கிறது. மனநோயாளிகளைச் சிறையில் கிடத்திவைக்கும் பழைய கொடுமையைத் தடுப்பது அதன் நோக்கமாக இருக்கலாம். ஆனால் 'இல்லை' என்று எழுதுவதையே கடமையாக்கும் விதி, சத்தம் போடாத நோயாளியைக் கண்டுபிடிக்க யாரையும் தூண்டாது. 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் அல்லது ஆலோசகர் வேண்டும் என்கிறது. 2022இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 5.73 லட்சம் கைதிகள் இருந்தார்கள். பணியில் இருந்த உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து 25 பேர். ஒருவருக்கு ஏறக்குறைய 23,000 பேர் என்றால் அதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. அந்த ஓராண்டில் இந்தியச் சிறைகளில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

முதுமை மற்றொரு சுமை. மறதி நோய் வந்த கைதிக்குத் தன் அறை எது, தான் ஏன் அங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர் என்று தண்டிக்கப்படுவார். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ சிறையில் இத்தகைய முதியவர்களைக் குளிப்பாட்டவும் சாப்பாட்டுக்கு அழைத்துப்போகவும் நன்னடத்தையுள்ள சக கைதிகள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். மஞ்சள் மேற்சட்டை அவர்கள் அடையாளம்.

விடுதலைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் தற்கொலை ஆபத்து மீண்டும் ஏறுகிறது. பரோலில் சில நாள் வீட்டுக்குப் போய்வந்தவருக்கும், கோவை சிங்காநல்லூர், சிவகங்கை மாவட்டப் புரசடைஉடைப்பு போன்ற திறந்தவெளிச் சிறைகளில் கொஞ்ச காலம் இருந்தவருக்கும் வெளியுலகம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. மருந்து எடுத்துக்கொள்பவர் கையில் சில வார மாத்திரையும் நோய் விவரம் எழுதிய சீட்டும் இருக்கவேண்டும். அவர் போகும் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, அவர் வாயிலைக் கடக்கும் முன்பே தகவல் போயிருக்கவேண்டும்.