பவளம் வெளுப்பது ஏன்?

பவளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நவரத்தினங்களுள் ஒன்றான சிவப்பு மணியே. அது மத்தியதரைக் கடலில் கிடைப்பது. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பவையோ பாறைகளைக் கட்டும் பவளங்கள். இரண்டுமே கடல்வாழ் சிற்றுயிர்களின் உழைப்பு. இக்காலத்தில் நகரங்களில் சிலர் வீட்டுக் கூடத்திலேயே கண்ணாடித் தொட்டியில் உப்புநீரை நிரப்பிப் பவளம் வளர்க்கின்றனர். அங்கே பவளம் நலிவுற்றால் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு? இதை அறிந்தால் நமக்கு அருகிலுள்ள கடலின் துன்பமும் விளங்கும்.

பவளமும் பாசியும்

பாறை கட்டும் பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளம் அவற்றுக்கு இருப்பிடம் தருகிறது. நாம் காணும் பழுப்பு நிறமும் பாசியினால் வருவதே. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிகள் நீங்கிவிடுகின்றன. தெளிந்த தசையின் வழியே வெள்ளை எலும்பு தெரிகிறது. இதுவே வெளுத்தல். வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. விரைவில் சூடு தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிடில் பவளம் பட்டினியால் மடியும். தசை உதிர்ந்து, எலும்பின்மேல் பச்சைப் பாசி படர்ந்தால் அப்பகுதி இறந்துவிட்டது என்று அறியலாம்.

நீரைச் சோதித்தல்

பவளம் நலிந்தால் முதலில் நீரைத்தான் சோதிக்க வேண்டும்.

1. வெப்பம்: 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நன்று. மதுரையின் சித்திரை வெயிலில் வீட்டினுள் இருக்கும் நீரே 30 டிகிரியைத் தாண்டும். ஆதலால் குளிர்விக்கும் கருவி இன்றி இங்கே பவளம் பிழைப்பது அரிது.

2. உப்பு: லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் இருக்க வேண்டும். குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பதுபோல, தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு மிகுகிறது. குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் கரிப்பு மேலும் கூடும்.

3. அம்மோனியா: மீன்களின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி இந்நஞ்சு உண்டாகிறது. கல்லிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் பவளத்தை விடுவது தவறு. நைட்ரேட் மிகுந்தால் வேண்டாத பாசி செழித்துப் பவளத்தை மூடிவிடும்.

4. கால்சியம்: எலும்பு கட்டப் பவளம் இதை நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறைந்தால் வளர்ச்சி தளரும்.

5. ஊற்றும் நீர்: குழாய் நீரில் குளோரினும், ஆழ்துளைக் கிணற்று நீரில் பல உப்புகளும் உண்டு. ஆகையால் நன்கு சுத்திகரித்த நீரே ஏற்றது. மீன் நோய்க்கு இடும் தாமிர மருந்தும் பவளத்தைக் கொல்லும்.

குறை தெரிந்ததும் நீர் முழுவதையும் மாற்றலாகாது. திடீர் மாற்றமே பவளத்துக்குப் பகை. பத்தில் ஒரு பங்கு நீரை அவ்வப்போது மாற்றி, ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் சீர்செய்வதே முறை.

நம் கடலின் நிலை

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. 1986 இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த அரண் குறைந்ததால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. 2001 இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அலங்காரத் தொட்டிக்காகக்கூட அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகும்.

வெட்டுவதைச் சட்டம் தடுத்தது. சூட்டைத் தடுக்க இயலவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2002 இல் பாக் விரிகுடாவில் நேர்ந்த வெளுப்பை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

தொட்டி சூடேறினால் கருவியால் குளிர்விக்கலாம். கடலைக் குளிர்விக்கக் கருவி ஏது? புவியைச் சூடாக்கும் புகையைக் குறைப்பதும், கடலில் கழிவு கலவாமல் காப்பதுமே வழி. சுற்றுலா செல்லும் நாம் பவளத் துண்டுகளை விலைக்கு வாங்காதிருப்போம். படகில் சென்றால் பாறையை மிதிக்காதிருப்போம். பவளத்தை அதன் கடலிலேயே கண்டு மகிழ்வோம்!