நகரும் மேசை ரம்பம்: பெரிய பலகையைப் பாதுகாப்பாக அறுக்கும் முறை

கடைகளில் ‘எட்டுக்கு நாலு’ என்று கேட்டு வாங்கப்படும் பலகை 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் உடையது. மரநாரைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் எம்.டி.எஃப். வகையில் 18 மி.மீ. தடிப்புள்ள முழுப்பலகை ஒன்று ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். சாதாரண மேசை ரம்பத்தில் மேசை அசையாது நிற்க, பலகையைத்தான் ரம்பத்தை நோக்கித் தள்ள வேண்டியிருப்பதால், சிறிய மேசைக்கு வெளியே நீண்டு தொங்கும் பகுதி தன் எடையாலேயே தாழ்ந்து, பலகையை வெட்டுக்கோட்டிலிருந்து திருப்பிவிடுகிறது. வெட்டு கோணலாவதற்கும் பல விபத்துகள் நேர்வதற்கும் இந்தத் திரும்பலே பொதுவான காரணமாகும்.

இதற்குத் தீர்வாக, பலகையைச் சுமந்தபடி ரம்பத்தின் பக்கவாட்டில் ஓடும் மேசையுடைய எந்திரத்தை 1906ஆம் ஆண்டு பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டெண்டார்ஃப் உருவாக்கினார். தமிழ்நாட்டு மரப்பட்டறைகளில் ‘பேனல் சா’ என்று அழைக்கப்படுவது இவ்வகை எந்திரமே. முழுப்பலகை அறுக்கும் எந்திரங்களில் நகரும் மேசை பெரும்பாலும் 3.2 மீட்டர் நீளமிருக்கும். அதன்மேல் கிடத்தப்பட்ட பலகை மேசையோடு சேர்ந்தே நகர்வதால், வெட்டின் நேர்மை தள்ளுபவரின் கையைச் சாராமல், மேசை ஓடும் தண்டவாளத்தைச் சார்ந்ததாகிறது.

இவ்வெந்திரத்தில் ரம்பங்கள் இரண்டு உண்டு. பெரிய ரம்பத்தின் பற்கள் பலகையின் மேற்பரப்பில் நுழைந்து அடிப்பரப்பின் வழியே வெளியேறுவதால், மைக்கா ஒட்டிய பலகையில் அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். இதைத் தடுக்க, அதற்கு முன்னால் ஏறக்குறைய 120 மி.மீ. விட்டமுள்ள சிறு ரம்பம் ஒன்று எதிர்த்திசையில் சுழன்று, அடிப்பரப்பில் ஓரிரு மி.மீ. ஆழத்திற்குக் கோடு கீறிச் செல்கிறது. அதன் பற்கள் வெளியிலிருந்து உள்நோக்கி நுழைவதால் மைக்கா பெயராமல் பலகையோடு அழுந்தியே வெட்டுப்படுகிறது.

பெரிய ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கிப் பலகையை மேசையோடு அழுத்த, பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. பலகை சற்றே திரும்பினாலும், அறுபட்ட பிளவு மூடிக்கொண்டாலும், அந்தப் பின்பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி, வேலை செய்பவரை நோக்கி எறிந்துவிடும். இதுவே பின்னுதைப்பு எனப்படுகிறது. 300 மி.மீ. விட்டமுள்ள ரம்பம் நிமிடத்திற்கு 4000 முறை சுழலும்போது அதன் பல்நுனி நொடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 226 கி.மீ. வேகத்தில் செல்வதால், எறியப்படும் பலகையைக் கையால் தடுப்பதோ, கண்டு விலகுவதோ இயலாது. ரம்பத்தின் பின்னால் 3 முதல் 8 மி.மீ. இடைவெளியில் நிற்கும் பிளவுக்கத்தி, ரம்பத் தகட்டைவிடத் தடித்தும் வெட்டின் அகலத்தைவிட மெலிந்தும் இருந்து, பிளவு மூடாமல் காக்கிறது.

பலகையை அறுக்கும் முறையும் அது திரும்பாதிருக்க வேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. முதலில் பலகையின் முனையை நகரும் மேசையிலுள்ள கவ்வுக்கட்டையில் இருத்தி, ஓரத்தில் சில மி.மீ. சீவினால் நம்பத்தக்க நேர்விளிம்பு ஒன்று கிடைக்கும். அதையே ஆதாரமாகக் கொண்டு மற்ற விளிம்புகள் வெட்டப்படுகின்றன. நகரும் மேசைமீது ரம்பத்துக்குச் செங்கோணமாக நிற்பது குறுக்குச்சட்டம். வலப்பக்க நிலைமேசையில் ரம்பத்துக்கு இணையாக நிற்பது இணைச்சட்டம். குறுக்காக வெட்டும்போது, துண்டு முழுநேரமும் இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தால், அறுபட்டதும் இணைச்சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் இடையே சிக்கி எறியப்படும். ஆகவே இணைச்சட்டத்தின் முனை, ரம்பத்தின் முன்பற்களுக்கு முன்பே முடியும்படி பின்னிழுக்கப்பட வேண்டும். அப்போது அது அளவை மட்டும் குறித்துக் கொடுக்க, வெட்டு தொடங்குவதற்குள் துண்டு அதைவிட்டு விலகிவிடும்.

வேலை செய்பவர் ரம்பத்தின் நேர்க்கோட்டில் நில்லாமல், அதற்கு இடப்புறம் நகரும் மேசையை ஒட்டி நிற்க வேண்டும். 120 மி.மீ.க்குக் குறைந்த அகலமுள்ள துண்டைத் தள்ளுகோலால் தள்ளுவதும், ரம்பம் நிற்கும்வரை கழிவுத்துண்டை எடுக்கக் கை நீட்டாதிருப்பதும், பல்லில் சிக்கி விரலையும் சேர்த்து இழுக்கக்கூடிய கையுறையைக் கழற்றிவைப்பதும் அடிப்படை விதிகளாகும். மேல்மூடியைப் பலகைக்குச் சற்று மேலே தாழ்த்தி, தூசி உறிஞ்சியை இயக்குவதும் அவ்வாறே இன்றியமையாதது. மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணியாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியுள்ளது.

வேலை முடிந்தபின் இரு சோதனைகள் செய்யத்தக்கவை. 2400க்கு 1200 மி.மீ. அளவாக அறுத்த பலகையின் மூலைவிட்டம் இரண்டும் 2683 மி.மீ. வந்தால் மூலைகள் செங்கோணமே. மற்றொன்று வெட்டுமுகத்தைப் பார்ப்பது: அங்கே கருகிய கோடு இருந்தால், பல் மழுங்கியிருக்கலாம், அல்லது பலகை திரும்பி ரம்பத்தின் பின்பக்கத்தில் உரசியிருக்கலாம். பின்னுதைப்பு தொடங்குவதும் அதே உரசலில்தான் என்பதால், அடுத்த பலகையை ஏற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும்.