காவல்காரனுக்கே குறி

ஆலை சாஃப்ட்வேரை இரண்டாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தச் சுவர் இப்போது மெலிந்துவருகிறது.

2017 ஆகஸ்ட். சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலை திடீரென்று தானாகவே நின்றுபோனது. ஜூனிலும் ஒருமுறை இப்படி நின்றிருந்தது. அப்போது அதை இயந்திரக் கோளாறு என்று எண்ணி மீண்டும் ஓட்டிவிட்டார்கள். இரண்டாவது முறை துருவியபோது, எஞ்சினியர்களின் கம்ப்யூட்டர் ஒன்றில் புதிய புரோகிராம் ஒன்று சிக்கியது. பதிவுகளைப் படிக்க உதவும் வழக்கமான சாஃப்ட்வேரின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒளிந்திருந்தது அது. பின்னர் 'டிரைட்டன்' என்று பெயர் பெற்ற அந்தப் புரோகிராம் உற்பத்தியைக் குறிவைக்கவில்லை. ஆபத்து நேரத்தில் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியைக் குறிவைத்தது.

இதன் விபரீதம் புரிய, ஆலைகளுக்குள் சாஃப்ட்வேர் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியவேண்டும். 1960களில் ஒரே பெரிய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கவனித்தது. அது படுத்தால் எல்லாமே தடுமாறும். 1975-இல் அமெரிக்காவின் ஹனிவெல்லும் ஜப்பானின் யோகோகாவாவும் வேலையைப் பல சிறிய கண்ட்ரோலர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. வெப்பம், அழுத்தம் பற்றி சென்சார் சொல்வதைப் படிப்பது, கணக்குப் போடுவது, வால்வுக்கு உத்தரவிடுவது, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. ஓயாமல் ஓடும் இந்தச் சுற்றுதான் கண்ட்ரோலரின் பிழைப்பு.

ஆனால் உற்பத்தி சாஃப்ட்வேரை அடிக்கடி திருத்துவார்கள். திருத்தும்போது தவறு நுழையும். அதைப் பிடிக்க, அதோடு ஒட்டாத இன்னொரு அமைப்பு தேவை. சொந்த சென்சார், சொந்த வால்வு, சொந்த புரோகிராம் என்று அது தனிக்குடித்தனம் நடத்தும். குக்கரில் வெயிட் வேறு, சேஃப்டி வால்வு வேறு என்பதைப் போல. வருடம் முழுக்கச் சும்மா இருந்தாலும், எல்லை மீறிய அந்த ஒரு நொடியில் அது செயல்பட்டாக வேண்டும்.

பாதுகாப்புக் கருவி பெயருக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்தியாவுக்குத் தெரியும். 1984 டிசம்பரில் போபால் யூனியன் கார்பைடு ஆலையில் குளிரூட்டும் கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அங்கே அது அலட்சியம். சவூதியில் திட்டமிட்ட வேலை.

சவூதி ஆலையில் இருந்த பாதுகாப்புக் கருவி 'டிரைகோனெக்ஸ்'. மூன்று பிராசஸர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு, பெரும்பான்மை சொல்வதை ஏற்கும். (கட்சித் தாவல் இல்லாத சபை.) டிரைட்டன் தன் கட்டளைகளை உள்ளே திணித்தபோது, மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சோதனை தோற்றது. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதற்குப் போடப்பட்ட விதி. ஆலை நின்றது. ஊடுருவியவர்கள் பிழையின்றி எழுதியிருந்தால், காவல்காரன் கண் மூடியபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அடுத்து வெடிப்பா, விஷவாயுவா என்பது அவர்கள் இஷ்டம்.

உள்ளே வந்தது எப்படி? டிரைகோனெக்ஸின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அதை 'ரன்' பக்கம் திருப்பிவிட்டால் புரோகிராமை யாரும் மாற்றமுடியாது. அன்று சாவி 'புரோகிராம்' பக்கத்தில் இருந்தது. பாதுகாப்புக் கருவியைக் கவனிக்கும் கம்ப்யூட்டரையும் நெட்வொர்க் வழியாக எட்டமுடிந்தது. தனிக்குடித்தனம் காகிதத்தோடு சரி.

உற்பத்தி, பாதுகாப்பு இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே நெட்வொர்க், ஒரே கருவித்தொகுப்பு என்று கம்பெனிகள் விற்கின்றன. செலவு குறைவு, பயிற்சி எளிது. வாங்குபவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் பாதுகாப்புக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61511, 2016-இல் திருத்தப்பட்டபோது, ஊடுருவல் அபாயத்தையும் மதிப்பிடவேண்டும் என்று சேர்த்தது. மறுவருடமே டிரைட்டன் வந்தது.

2020-இல் அமெரிக்கா, மாஸ்கோவிலுள்ள ஓர் அரசு ஆய்வு நிறுவனத்தின்மீது இதற்காகத் தடை விதித்தது. அங்கு வேலை பார்த்த ஒருவர்மீதான குற்றப்பத்திரிகை 2022-இல் வெளியானது. சவூதிக்குப் பிறகு, அமெரிக்காவில் இதேபோன்ற ஆலைகளை நிர்வகித்த ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையவும் அவர் முயன்றார் என்கிறது அது.