காது மெஷினுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிய மறுவாரமே பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினோம். பத்து வருடத்துக்கு மேலாக ஒரு தவணைகூடத் தவறாமல் பிரீமியம் கட்டிய பாலிசி. ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். பாலிசிப் புத்தகத்தை நான் முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான். மூக்குக்கண்ணாடிக்கும் காதொலிக் கருவிக்கும் பணம் கிடையாது என்று அதில் தெளிவாகவே இருந்தது.

நம் நாட்டு மருத்துவப் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்வதை வைத்து எழுதப்பட்டவை. செவிப்பறையைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் முடிந்தபின் பணம் கிடைக்கும். புறநோயாளியாகப் போய் எடுக்கும் செவித்திறன் சோதனையான ஆடியோகிராமுக்கும், காதின்மேல் மாட்டும் மெஷினுக்கும் கிடைக்காது. ஓ.பி. செலவையும் ஏற்கும் பாலிசியோ அலுவலகக் குழுப் பாலிசியோ இருந்தால், காதொலிக் கருவி அதில் உண்டா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். அறுவை சிகிச்சையால் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்டுக்கும் அப்படியே கேளுங்கள். இன்னொன்று: காதொலிக் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் சேர்த்திருந்தால் விடாமல் கேளுங்கள்.

காது மந்தம் ஏற்கெனவே இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். 2024 ஏப்ரல் முதல், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, சொல்லாமல் விட்டதைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது.

பிறவியிலேயே காது கேளாத குழந்தை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு அந்த வயதைக் கடத்திவிட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறலாம். அதோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கருவி இலவசம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டமும் கருவி தருகிறது.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று இருக்கிறது. விசைத்தறிக் கூடத்திலும் பாய்லர் பக்கத்திலும் வருடக்கணக்கில் நின்று காது போனவர்கள், அதை வயதின் கோளாறு என்று எண்ணி வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி ஒரு தொழில்நோய். பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அதற்கு இழப்பீடு கேட்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இழப்பீட்டையும் கருவியையும் இ.எஸ்.ஐ. வழியாகவே கேட்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே ஆடியோகிராம் எடுத்து, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வேலையை விட்டபின் இரைச்சலால்தான் காது போனது என்று காட்டுவது மிகவும் கடினம்.

மீண்டும் இன்சூரன்ஸுக்கு வருவோம். பாலிசியில் இடமிருந்தும் கம்பெனி மறுத்தால், எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், ஆடியோகிராம், டாக்டர் சீட்டு ஆகியவற்றோடு ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.